எழுத்துக்கு முந்திய வாசகன்

தமிழனுக்கு வாசிக்கும் பழக்கம் இல்லை என்ற ஒப்பாரியை நம் வட்டத்தில் இன்னும் எத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருக்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை. சேலத்தில் அண்மையில் கூடிய பத்துப் பன்னிரண்டு பேரும் இதையே ஆளுக்கொரு ஸ்தாயியில் பாடினார்கள். ஒருவர் தம் கவிதைத் தொகுதி முந்நூறு பிரதிகூட நகரவில்லை என்றார். ஒருவர் வியாபாரப் பத்திரிகைகள் ரசனையைச் சீரழித்த கதையைச் சொன்னார். அந்தப் பத்திரிகைகளில் பல மூடப்பட்டுவிட்டது அவர் கவனத்துக்கு வரவில்லை போலிருக்கிறது. மூன்றாமவர் கைப்பேசியைச் சபித்தார், நடுநடுவே அதை எடுத்துப் பார்த்துக்கொண்டே. வாசகன் என்கிற ஜீவன் எங்கே, எந்த வயதில், யார் கையில் உருவாகிறான் என்ற கேள்வி மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை. கல்லூரிப் படிப்பின் நடுவில் ஒருநாள் புதுமைப்பித்தன் தொகுதி கையில் தட்டுப்பட, அன்று முதல் ஒருவன் வாசகனாகிவிடுகிறான் என்ற புராணத்தில் எல்லோருக்கும் நம்பிக்கை. அவரவர் சொல்லும் சுயசரிதையும் அப்படித்தான் தொடங்குகிறது.

இந்தப் புராணத்தை நான் ஏற்கவில்லை. வாசகன் எழுத்தைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே உருவாகிவிடுகிறான், அல்லது உருவாகாமலே போய்விடுகிறான். மடியில் உட்கார்ந்து காதால் கேட்டு, கண்ணால் படத்தைத் துழாவி, பக்கத்தைக் கசக்கி, அட்டையை வாயில் வைத்துக் கடித்துப் பார்க்கும் வயதிலேயே அந்தக் காரியம் பெரும்பாலும் நடந்து முடிந்துவிடுகிறது. அந்த வயதுக்குத் தமிழில் அச்சில் இருப்பது மிகச் சொற்பம். வாயில் இருந்ததைக் கைவிட்டாயிற்று. புதிதாக உண்டாக்க வேண்டியவர்களோ அதைத் தங்கள் தகுதிக்குக் குறைந்த வேலை என்று நினைக்கிறார்கள். பிறகு வாசகன் வரவில்லை என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தச் சேலம் நாமக்கல் சமவெளியில் கல்வி என்றால் என்னவென்று தமிழ்நாட்டுக்கே தெரியும். பிளஸ் டூ முடிவு வரும் நாளில் மாநில முதலிடம் எந்த விடுதிப் பள்ளிக்கு என்பதற்காகவே வெளியூர்க்காரர்கள் நாமக்கல்லின் பெயரைக் கற்றுக்கொண்ட காலம் உண்டு. 2017இல் அரசாங்கம் ராங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. அதே வருஷம் மருத்துவப் படிப்புக்கு நீட் வந்தது. பள்ளிகள் ப்ளெக்ஸ் பலகையில் வாசகத்தை மாற்றிக்கொண்டன, வேறொன்றும் மாறவில்லை. இதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. கோழிப்பண்ணை உவமையைச் சொல்லிச் சொல்லித் தேய்த்தும் ஆயிற்று. எனக்கு அந்த உவமை சம்மதமில்லை. பண்ணைக்காரருக்கு அது அநியாயம். பொரித்து வந்த குஞ்சிடம் அவர் முட்டை கேட்பதில்லை. வட்டமாகத் தகடு வளைத்து, நடுவில் பல்பைத் தொங்கவிட்டு, குஞ்சுகள் பல்புக்கடியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றனவா, விலகி நிற்கின்றனவா என்று பார்த்துப் பார்த்து வெதுவெதுப்பைக் கூட்டுவார், குறைப்பார். முதல் சில வாரங்கள் இதுதான் வேலை. பின்னால் வரப்போகும் கணக்கெல்லாம் இந்த வாரங்களில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மனிதக் குஞ்சு விஷயத்தில் மட்டும் இதே ஊர் முதல் வாரமே முட்டை கேட்கிறது.

இரண்டரை வயதில் வேன் ஏறும் பிள்ளையைப் பாருங்கள். அதற்குள் இருபத்தாறு ஆங்கில எழுத்தும், பழங்களின் பெயரும், நிறங்களின் பெயரும், சில வீடுகளில் மாநிலத் தலைநகரங்களும் ஏற்றியாகிவிட்டது. இப்படிப்பட்ட ஒரு பிள்ளையிடம் படப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் யானை இருந்தது. பிள்ளை யானையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தது. இது என்ன என்று கேட்கப்போகிறேன் என்று காத்திருந்தது. நான் கேட்கவில்லை என்றதும் தானே யானை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பி மறுபடியும் முகத்தைப் பார்த்தது. புத்தகம் என்பது கேள்விகள் ஒளிந்திருக்கும் இடம் என்று மூன்று வயதுக்குள் ஒரு ஜீவனுக்குத் தெரிந்துவிட்டது. இனி அது என்ன மதிப்பெண் வாங்கினாலும், புத்தகத்தை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் முகத்தைத் தேடும். பரீட்சை முடிந்த அன்று பாடப் புத்தகத்தை எடைக்குப் போடுகிறானே என்று பிறகு வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

இது இங்கிலீஷ் பள்ளி கொண்டுவந்த வியாதி என்று தமிழ்ப்பற்றாளர்கள் உடனே கிளம்புவார்கள். அவ்வளவு சௌகரியமாகத் தப்பித்துக்கொள்ள முடியாது. நம்முடைய முதல் பாடமே ஆத்திசூடி. அகர வரிசையில் ஓர் எழுத்து, அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு கட்டளை. எழுத்தும் நீதியும் ஒரே விழுங்கலில். ஔவையின் சொற்சிக்கனத்தை யாரும் குறை சொல்ல முடியாது. வளர்ந்தவர்கள் வாசித்து வியக்கவேண்டிய சூத்திரங்கள் அவை. ஆனால் பிள்ளை எழுத்தைச் சந்திக்கும் முதல் நிமிஷத்திலேயே ஓர் ஆணையையும் சந்திக்கவேண்டும் என்ற ஏற்பாடு நூற்றாண்டுக் கணக்கில் நடந்திருக்கிறது. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதியது போய்ப் ப்ளாஸ்டிக் சிலேட் வந்தது. ஏற்பாடு அப்படியே நிற்கிறது.

இன்னொரு விசித்திரத்தைக் கவனிக்கவேண்டும். குழந்தையின் மாதங்களை எண்ணி எழுதிய இலக்கிய வகை வேறெந்த பாஷையில் இப்படி இருக்கிறதோ தெரியாது, தமிழில் இருக்கிறது. பிள்ளைத்தமிழ். பாட்டியல் நூல்கள் 3ஆம் மாதத்திலிருந்து 21ஆம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களைக் கணக்கிட்டுப் பத்துப் பருவம் பிரித்துக் கொடுக்கின்றன. இரு கையும் ஊன்றித் தலையெடுத்து ஆடுவது, கை கொட்டுவது, முத்தம் தருவது, தளர்நடை வைத்து வருவது, நிலவைக் கூப்பிடுவது, மணல்வீட்டைச் சிதைப்பது. குழந்தையை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கண் நமக்கு இருந்திருக்கிறது. அந்தக் கண் பார்த்ததெல்லாம் முருகனுக்கும் மீனாட்சிக்கும் அரசருக்கும் ஆசாரியருக்கும் காணிக்கையாகப் போயிற்று. சப்பாணி கொட்டுகிற சாதாரணப் பிள்ளை கேட்டு மகிழ ஒரு வரிகூட அதில் இல்லை. புலவர் குழந்தையைப் பாட்டுடைத் தலைவனாக்கினார், கேட்பவனாக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் வந்தவர்கள் குழந்தையைக் கேட்பவனாக்கினார்கள், மறுப்பதற்கில்லை. பாரதியும் கவிமணியும் எழுதினார்கள். லயத்தின் மேல் உண்மையான பிடிமானம் அழ. வள்ளியப்பாவுக்கு இருந்தது, 1944இல் மலரும் உள்ளம், 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் என்று ஆயுள் முழுவதையும் இதற்கே கொடுத்தார். கொங்குநாட்டுக்காரரான பெரியசாமித் தூரன் குழந்தைகளுக்கென்றே 10 தொகுதிகளில் கலைக்களஞ்சியம் பதிப்பித்தார். இந்தியாவில் பிற பாஷைக்காரர்கள் பார்த்துப் பொறாமைப்படவேண்டிய காரியம். 1947இல் அம்புலிமாமா, 1972இல் கோகுலம். இரண்டும் இப்போது இல்லை. கோகுலம் 2020இல் நின்றது. ஆனால் இவர்கள் எல்லோருடைய குழந்தையும் நடக்கத் தெரிந்த, பள்ளிக்கூடம் போகிற, பெரும்பாலும் தானே வாசிக்கத் தெரிந்த குழந்தை. மடிக்குழந்தை ஒருவர் கணக்கிலும் வரவில்லை.

மடிக்குழந்தைக்கு இலக்கியம் எதற்கு, அதற்கு என்ன புரியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1986இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், கர்ப்பிணிப் பெண்களைக் கடைசி ஆறு வாரம் ஒரு குறிப்பிட்ட கதைப் பகுதியைத் தினமும் இரண்டு தடவை வாய்விட்டு வாசிக்கச் சொன்னார்கள். பிறந்த சில நாட்களுக்குள் சிசுக்களைச் சோதித்தார்கள். வாயில் கொடுத்த ரப்பர் காம்பைச் சப்பும் வேகத்தை மாற்றி, கருவில் கேட்ட அதே பகுதியைக் கேட்டு வாங்கிக்கொண்டன குழந்தைகள். அர்த்தம் அல்ல, சப்த ஒழுங்கு அவற்றுக்குத் தெரிந்திருந்தது. அபிமன்யுவைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள நம் ஆட்களுக்கு இது இன்னொரு சந்தர்ப்பம். பெருமைப்பட்டுவிட்டுப் போகட்டும். கவிதை எழுதுகிறவர்களுக்கு இதில் உள்ள விஷயம் வேறு: அர்த்தத்துக்கு முன்னால் லயம் வருகிறது என்று கட்டுரைகளில் எழுதிக்கொண்டிருக்கிறோமே, அதை நிரூபிக்கும் வாசகர்கள் தொட்டிலில் கிடக்கிறார்கள்.

இந்தப் பக்கத்துக் கிழவிகளுக்கு இது ஆராய்ச்சி இல்லாமலே தெரியும். பிள்ளையின் உள்ளங்கையை விரித்து, முழங்கையால் பருப்புக் கடைந்து, விரல் விரலாக மடக்கி ஒவ்வொருவருக்கும் ஒரு வாய் சோறு கொடுத்து, பிறகு இரண்டு விரலை நண்டாக்கி மணிக்கட்டிலிருந்து மெல்ல ஊரவிட்டு அக்குளில் முடிக்கும் விளையாட்டை எல்லோரும் அனுபவித்திருப்பீர்கள். இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு விமர்சகர்கள் யாராவது பார்த்திருக்கிறார்களா? முதலில் ஓர் இடம் நிச்சயப்படுகிறது, உள்ளங்கை. ஒரு வேலை நடக்கிறது. பாத்திரங்கள் அறிமுகமாகிறார்கள், ஐந்து பேர், ஒரே வாக்கிய அமைப்பில், ஒரே தாளத்தில், ஒவ்வொருவருக்கும் ஒரு சொல் மட்டும் மாறி. ஐந்தாவது விரலில் அமைப்பு உடைகிறது. பிறகு தாளம் நிதானமாகிறது, நண்டு ஏறுகிறது, எங்கே போகிறது என்று பிள்ளைக்குத் தெரியும், தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. முடிவு தெரிந்த கதைக்காகக் காத்திருப்பது! ஒருநாள் நண்டு முழங்கையிலேயே நின்றுவிட்டால் பிள்ளை கையை இன்னும் நீட்டுகிறது. திருப்பிச் சொல்லுதல், எதிர்பார்ப்பு, தாமதம், முறிவு, நிறைவு என்று கதைக்கலையின் சங்கதிகள் பத்து மாதக் குழந்தையின் தோலில் எழுதப்படுகின்றன. நாவல் வடிவம் பற்றி நூறு பக்கம் எழுதுபவர்களுக்கு இந்தப் பிரதியைப் பற்றி ஒரு பக்கம் எழுதத் தோன்றவில்லை. ஏனென்றால் இது பெண்பிள்ளைகள் சமாசாரம், அடுப்பங்கரைச் சமாசாரம்.

விளையாட்டு கையோடு நின்றுவிடக் கூடாது. கையிலிருந்து பக்கத்துக்குப் போகவேண்டும். ஓரிடத்தில் இருக்கும் நண்டு அடுத்த பக்கத்தில் வேறிடத்தில் இருக்கும் என்று பிள்ளைக்குத் தெரியவேண்டும். அப்போதுதான் அட்டைக்கும் காகிதத்துக்கும் உயிர் வருகிறது. இங்கேதான் நம் புத்தகங்கள் காலை வாருகின்றன, காரணம் பாஷை.

இரண்டு வயதுப் பிள்ளைக்கென்று விற்கும் தமிழ்ப் படப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காகம் மரக்கிளையில் அமர்ந்திருந்தது, அதற்குத் தாகம் ஏற்பட்டது என்றிருக்கும். எந்த வீட்டில் காகம் அமர்கிறது? காக்கா உக்காருகிறது. பத்தாவது, பன்னிரண்டாவது படித்த இளம் தாய் இந்தப் புத்தகத்தைப் பிரித்ததும் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறேன். அவள் குரல் மாறுகிறது. அதுவரை கண்ணு, சாமி என்று கொஞ்சிக்கொண்டிருந்த குரல் போய், வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கும் குரல் வருகிறது. வாத்தியார் பக்கத்தில் நிற்பதுபோலத் தோள்கூட விறைத்துக்கொள்கிறது. பிள்ளை மடியைவிட்டு இறங்கிப் போய்விடுகிறது. அவள் என்னைப் பார்த்துச் சொல்கிறாள்: ஏனுங்க, இவனுக்குப் புத்தகமே புடிக்கறதில்லீங்க. அதே பெண் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் வாயால் சொன்னால், ஒரு காக்கா மரத்து மேல உக்காந்திருந்துச்சாமா, அதுக்குத் தண்ணி தாகம் எடுத்துச்சாமா என்று வருகிறது. பிள்ளை திரும்பி வருகிறது.

அந்த 'ஆமா'வைக் கவனியுங்கள். கொங்குப் பேச்சில் நீண்டு ஒலிக்கும் 'ஆம்'. இது இப்போது நடப்பதில்லை, நான் பார்த்ததும் இல்லை, சொல்லப்படுவது என்று பிள்ளைக்கு அறிவிக்கும் ஒட்டு. இரண்டு வயதில் இந்த ஒட்டைக் கேட்டதும் பிள்ளையின் முகம் மாறுகிறது. உண்மையான காக்காவைத் தேடி அது ஜன்னலுக்கு ஓடுவதில்லை. புனைவு என்றால் என்ன என்பதை ஓர் எழுத்துகூடத் தெரியாத ஜீவனுக்கு ஒரே அசையில் கற்பித்துவிடும் பாஷை நம்முடையது. எதிரே உட்கார்ந்து பிள்ளை 'ம்' கொட்டுகிறது. 'ம்' நின்றால் கதை நிற்கும். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இப்படி ஓர் ஒப்பந்தம். அச்சிட்ட குழந்தைப் புத்தகம் இந்த இரண்டையும் வெட்டி எறிந்துவிட்டு, செய்தித்தாள்போல, அமர்ந்திருந்தது, ஏற்பட்டது, கண்டது, மகிழ்ந்தது என்று எழுதுகிறது.

பேச்சுத் தமிழை அச்சில் ஏற்றக் கூடாது என்ற சண்டை பெரியவர்கள் இலக்கியத்தில் எப்போதோ முடிந்துவிட்டது. ஆர். ஷண்முகசுந்தரம் 1942இல் நாகம்மாளில் கொங்குப் பேச்சைக் கொண்டுவந்தார். கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களுக்கு அகராதி போட்டார். பெருமாள்முருகன் கொங்குச் சொற்களுக்குப் போட்டார். வட்டார வழக்கு என்றால் இன்று பரிசும் பாராட்டும் கிடைக்கும். நாற்பது வயதுக்காரனின் ரசனைக்காக வட்டார வழக்கு. அதைத் தவிர வேறு பாஷையே தெரியாத இரண்டு வயதுப் பிள்ளைக்குச் செந்தமிழ். இதைவிட அபத்தமான ஏற்பாடு இருக்க முடியுமா? கி.ரா. ஒருவர்தான் சொல்பவன் குரலைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம் என்று நினைத்தார். பிஞ்சுகள் எழுதினார். அவரைக் கொண்டாடியவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் சௌகரியமாகத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

வங்காளத்தைப் பாருங்கள். உபேந்திரகிஷோர் 1913இல் சந்தேஷ் என்று குழந்தைகளுக்குப் பத்திரிகை தொடங்கினார். மகன் சுகுமார் ராய் அதில் அர்த்தமற்ற பாட்டுக்களை எழுதிக் குவித்தார். பேரன் சத்யஜித் ராய் படம் எடுத்துக்கொண்டிருந்த நாளிலும் 1961இல் அதை மறுபடி உயிர்ப்பித்தார். தாகூர் நோபல் பரிசு வாங்கிய பிறகு உட்கார்ந்து பாலபாடம் எழுதினார். நந்தலால் போஸ் அதற்குச் சித்திரம் செதுக்கினார். ரஷ்யாவில் சுகோவ்ஸ்கி இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகள் பேசுவதைக் குறித்துவைத்துப் புத்தகமே எழுதினார். பேசும் முதலைகள் பிள்ளைகளின் புத்தியைக் கெடுத்துவிடும் என்று கல்வி அதிகாரிகள் குதித்தபோது அவர்களோடு சண்டை போட்டார். டானில் கார்ம்ஸ் போன்ற தீவிரமான பரிசோதனைக்காரர் குழந்தைப் பத்திரிகைகளில் எழுதிப் பிழைத்தார். அவர்களுக்கெல்லாம் இது கீழான வேலையாகத் தெரியவில்லை. சோவியத் நாட்டின் அந்தப் படப் புத்தகங்கள் மலிவு விலையில் தமிழிலும் வந்து, 1991க்குப் பிறகு நின்றுபோனது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஞாபகத்தை வைத்துக்கொண்டு ஏங்கிக் கட்டுரை எழுதுகிறார்களே தவிர, அதுபோல் ஒன்று இங்கே எழுத உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்?

இது இந்தச் சமவெளியிலிருந்து எழுப்பவேண்டிய கேள்வி என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நடை 1968இல் சேலத்திலிருந்துதான் வந்தது. யாப்பை விட்டு விலகிப்போன புதுக்கவிதைக்காரர்கள் நடுவே, யாப்பு என்ன செய்கிறது, சப்தம் எப்படி நகர்கிறது என்று சி. மணி யோசித்ததுபோல யோசித்தவர்கள் குறைவு. அசை, சீர், தளை என்று அவ்வளவு நுட்பமான காது இருந்த ஊர் இது. வளர்ந்தவர்கள் கவிதைக்கு வேண்டாம் என்று கழற்றி வைத்த தாளம் எங்கே போயிற்று? தொட்டிலுக்குப் போயிருக்கவேண்டும். சினிமாப் பாட்டுக்குப் போயிற்று; கட்சிப் பாட்டுக்குப் போயிற்று; இப்போது சோறூட்டும்போது எதிரே சாய்த்து வைக்கும் கைப்பேசியில் ஒரே மெட்டில் ஓடுகிற கார்ட்டூன் பாட்டுக்குப் போயிருக்கிறது.

அரசாங்கத்தைத் திட்டவேண்டிய இடத்தில் திட்டத்தான் வேண்டும், ஆனால் சரியான இடத்தில். பாஷையை ஓடவும் பறக்கவும் வைக்கப் பள்ளிக் கல்வித் துறை 2023இல் வாசிப்பு இயக்கம் என்று கொண்டுவந்து, நுழை, நட, ஓடு, பற என்று படி வைத்துச் சிறு புத்தகங்கள் போட்டது. நல்ல காரியம், பல புத்தகங்கள் வாசிக்கும்படி இருக்கின்றன. ஆனால் நுழை என்று அது கூப்பிடும்போது பிள்ளை ஐந்தாறு வருஷமாக வெளியில் நின்றாயிற்று. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. 2010இல் சென்னையிலும் 2023இல் மதுரையிலும் கட்டிய பெரிய நூலகங்களில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி வைத்தார்கள். ராசிபுரத்துப் பிள்ளைக்கு அது சுற்றுலா. 1948லேயே பொது நூலகச் சட்டம் போட்டு, வீட்டு வரியோடு நூலக வரி வாங்கும் ராஜ்யம் இது. நான் போய் உட்காரும் கிளை நூலகங்களில் முன்வரிசை முழுவதும் போட்டித் தேர்வுப் புத்தகம். தவழும் பிள்ளைக்குத் தரையில் ஒரு பாய் கிடையாது.

இன்னும் ஒன்று. 2015இல் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவிக்கும் தாய்மார்களுக்குப் பரிசுப் பெட்டகம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதில் 16 பொருள். துண்டு, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்கு லேகியம். யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள், கிலுகிலுப்பைகூட ஞாபகம் வந்திருக்கிறது. பதினேழாவதாக ஒரு புத்தகம் ஞாபகத்துக்கு வரவில்லை. இங்கிலாந்தில் 1992இல் பர்மிங்ஹாமில் 300 குடும்பங்களை வைத்துக்கொண்டு இதைத் தொடங்கினார்கள்: ஏழெட்டு மாதக் குழந்தையை உடல்நலப் பரிசோதனைக்குக் கொண்டுவரும்போது தாயின் கையில் ஒரு பை, அதில் ஒரு புத்தகம், ஒரு பாட்டு அட்டை, நூலகத்துக்கு ஓர் அழைப்பு. பிறகு தேசம் முழுவதும் பரவியது. பணக்கார தேசத்துச் சமாசாரம் என்று தள்ள வேண்டாம். 1989இல் சத்துணவில் முட்டை வந்தது; 2010இலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து. நாமக்கல்லில் ஏற்றிய முட்டை உடையாமல் ராமநாதபுரத்துக் கடைசிக் கிராமத்துத் தட்டுக்குப் போய்ச் சேர்கிறது. உடையும் பொருளை அவ்வளவு தூரம் கொண்டுபோகத் தெரிந்த ராஜ்யத்துக்கு, உடையாத பொருளை 54,000 அங்கன்வாடிகளுக்குக் கொண்டுபோகத் தெரியாதா? அங்கே 2019இல் போனது என்னவென்றால் எல்.கே.ஜி.யும் யு.கே.ஜி.யும், 2,381 மையங்களில்.

ஆனால் நாளைக்கே ஓர் அதிகாரி மனம் மாறிப் பதினேழாவது பொருளுக்குச் சம்மதித்தால் எதைக் கொடுப்பது? எந்தப் புத்தகம்? ஏற்ற புத்தகங்கள் ஓரிரண்டு பதிப்பகத்தாரிடம் சில இருக்கின்றன. மற்றபடி காகம் அமர்ந்திருந்தது தான். இதனால்தான் அரசாங்கத்தை விட்டுவிட்டு நம் வட்டத்தைப் பார்த்துப் பேசுகிறேன்.

மடிக்கு ஏது நேரம் என்று ஒருவர் கேட்பார், கேட்கவும் வேண்டும். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறிப்பட்டறைக்குள்ளேயே தொட்டில் தொங்குகிறது. தார் சுற்றுகிற பெண்ணுக்குக் கை ஓய்வதில்லை. தறிச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்காது. இரவு வீடு திரும்பினால் அடுப்பு. அவளிடம் போய் வாசிப்பின் மகிமையைப் பிரசங்கம் செய்பவரை நானே துரத்துவேன். ஆனால் ஆயா இருக்கிறாள். அப்படி ஒரு வீட்டில், எழுத்தே இல்லாத, ஆட்டுக்குட்டி ஒன்று பக்கம் பக்கமாக நடந்துபோகிற படப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. முதல் நாள் அந்தக் குட்டியைச் சந்தைக்கு ஓட்டினாள். மறுநாள் குட்டி தன் அம்மாவைத் தேடிப் போவதாகச் சொன்னாள். பிள்ளை புத்தகத்தை அவள் கையிலிருந்து பிடுங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, சந்தைக்குப் போச்சாமா என்று உரக்கத் திருத்தியது. இரண்டே கால் வயது. பக்கத்தில் உள்ளது நேற்றும் இன்றும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று அது வாதாடுகிறது. பிரதி என்றால் என்னவென்று அதற்குத் தெரிந்துவிட்டது. எழுத்து எப்போது வந்தால் என்ன?

யாருடைய கொங்கு என்று இன்னொருவர் கேட்பார். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி பேச்சு மாறுகிறதே, எதை அச்சிலேற்றுவது? நியாயமான கேள்வி, ஆனால் இதைக் காரணமாக வைத்துச் செந்தமிழுக்குத் திரும்பி ஓடுவது சோம்பல். வாக்கியம் வாயின் வாக்கியமாக இருந்தால் போதும். சின்னதாக, வினை கடைசியில் விழும்படி, 'ஆம்' சேர்த்து. இருந்ததாம் என்று அச்சில் இருந்தால் இருந்துச்சாமா என்று வாய் தானே மாற்றிக்கொள்ளும், பாட்டி என்று இருந்தால் அம்மாயி என்றோ ஆயா என்றோ வீட்டுக்குத் தகுந்தபடி மாறும். அமர்ந்திருந்தது மாறாது, அதற்கு வாயில் இடமில்லை. இரட்டைக்கிளவி என்று தொல்காப்பியர் காலத்திலிருந்து ஒரு புதையலை வைத்திருக்கிறோம். மொசுமொசு, லொடலொட, பொதபொத, குடுகுடு. எந்தச் சாதிக்கும் சொந்தமில்லாதவை. வேறு பாஷைக்காரர்கள் மடிப்புத்தகம் எழுத இதுபோன்ற சப்தங்களை வலிந்து உண்டாக்குகிறார்கள். தமிழில் பிள்ளைகள் முன்னமே பேசிக்கொண்டிருக்கின்றன.

கெட்டி அட்டையில் பன்னிரண்டு பக்கம். பக்கத்துக்கு ஒரு வாக்கியம், அதிகம் போனால் இரண்டு. முனை மழுங்கியிருக்கவேண்டும், பிள்ளை கடித்தால் சாயம் இறங்கக் கூடாது. நீதி கூடாது, கேள்வி கூடாது. சிவகாசியில் அச்சடிக்க ஆள் இருக்கிறார்கள், படம் போட இளைஞர்கள் இருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு வாக்கியத்தை எழுதத்தான் ஆள் இல்லை.